வீட்டில் ஒருவரும் இல்லை

நவம்பர் 4

இந்த டயறி மொறீன் தந்தது. பள்ளிக்கூடக் குசினியில் பத்தொன்பது வருடம் அவளும் நானும் ஒரே மேசையில் நின்று உருளைக்கிழங்கு உரித்தவர்கள். ஜூலையில் நான் ஓய்வு பெற்ற அன்று, திகதி அச்சிடாத டயறி, எப்போது வேண்டுமென்றாலும் தொடங்கலாம் என்று சொல்லிக் கையில் வைத்தாள். நாலு மாதமாகத் தொடங்கவில்லை. எழுத என்ன இருக்கிறது?

இன்று வீட்டு நடைபாதைச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஹீற்றிங் குமிழ் செத்துப்போய்விட்டது. திருகினால் சுற்றுகிறது, பொயிலர் அசைவதில்லை. பாஸ்கரன் வந்து பார்த்தார். கோயிலில் பழக்கமான பொயிலர்க்காரர், வடமராட்சிப் பக்கம். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அக்கா, இது முடிஞ்சுது. இனி ரெண்டு வழி இருக்கு. இதே மாதிரித் திருகிற குமிழ் ஒண்டு போடலாம். இல்லாட்டி இப்ப வாற ஸ்மார்ட் சாமான். எல்லாம் போனிலயே செய்யலாம். உங்களுக்கு எது வசதி?"

நான் வாயைத் திறக்க முன்னம் இவர் முன்னறையிலிருந்து வந்துவிட்டார்.

"அவவிட்ட என்ன கேக்கிறீர் தம்பி? எனக்குச் சொல்லும்."

அதுவும் சரிதான். இயந்திரங்கள் பற்றி இவருக்குத்தான் தெரியும். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் இவருக்குக் கீழே நாற்பது பேர் வேலை செய்தவர்கள். இடுப்பில் ஒரு வோக்கிரோக்கி எப்போதும் கரகரத்துக்கொண்டிருக்கும். செப்ரெம்பரில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

நவம்பர் 6

இரண்டு நாளாக வீட்டில் இதே கதைதான். இவர் ஒரு தாளை நடுவே கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் ஸ்மார்ட் என்று எழுதினார். ஸ்மார்ட் பக்கம் நிறைந்துவிட்டது. பழைய பக்கத்தில் 'மலிவு' என்ற ஒரு சொல்தான்.

மெல்பேர்னிலிருந்து மகள் சாம்பவி வீடியோவில் வந்தாள். அங்கே வெயில், கையில்லாத சட்டை போட்டிருந்தாள். "அப்பா, ஸ்மார்ட்டையே போடுங்கோ. கட்டிலில படுத்துக்கொண்டே கூட்டலாம், குறைக்கலாம். ரிற்றயர் பண்ணின ஆக்களுக்கு அதுதான் சுகம்" என்றாள்.

நான் பின்னால் நின்று, "குமிழெண்டால் எனக்குக் கண்ணுக்குத் தெரியும். ஈரக் கையாலயும் திருகலாம்" என்றேன்.

இவர் சிரித்தார். "உன்ர அம்மாவுக்கு மண்ணெண்ணெய் விளக்கு ஒண்டு வாங்கிக் குடுக்கலாம் பிள்ளை."

சாம்பவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மத்தியானம் கீரை வைத்தேன். நல்லாய் வந்தது.

நவம்பர் 11

புதுசைச் சுவரில் பூட்டியாயிற்று. கறுப்புக் கண்ணாடி வட்டம், ஒரு சாசர் அளவு. முன்னால் ஆள் போனால் தானாக விழித்து வீட்டுச் சூட்டை எண்ணில் காட்டுகிறது. பாஸ்கரன் இவருடைய போனில் எல்லாவற்றையும் போட்டு, கடகடவென்று விளக்கினார். இவர் "ஓம் ஓம், விளங்குது" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாஸ்கரனுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம்.

அவர் போன பிறகு இவர் இரண்டு கண்ணாடிகளையும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு போனோடு இருந்தார். பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது சுவரில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் ஒன்று வந்திருந்தது. தொட்டேன். நாலு இலக்கம் கேட்டது.

"இஞ்சாருங்கோ, இது நம்பர் கேக்குது."

"நான்தான் பூட்டினனான். உன்ர கை தெரியாமல் பட்டிடும்."

"எனக்கும் நம்பரைச் சொல்லுங்கோவன்."

"உனக்கு எதுக்கு? சூடு வேணுமெண்டால் எனக்குச் சொல்லு, நான் போட்டுவிடுறன்."

என் போன் பழையது, அதில் இந்த ஆப் போட முடியாதாம். படுக்கையறையில் வைத்திருந்த எண்ணெய் ஹீற்றரையும் இனித் தேவையில்லை என்று கோயில் விற்பனைக்குக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 12

வீடு நல்ல சூடு. இவருக்குச் சந்தோசம்.

நவம்பர் 18

இன்று வெள்ளிக்கிழமை. எனக்கு முழங்கால் நோ, கோயிலுக்குப் போகவில்லை. இவர் தனியே போனார். கார் தெருமுனை திரும்பியிருக்காது, பொயிலர் நின்றுவிட்டது. பழுதாக்கும் என்று பேசாமல் இருந்தேன். சுவரோரத்து ரேடியேற்றர்கள் ஒவ்வொன்றாகச் சூடு ஆறின. கம்பளியைச் சுற்றிக்கொண்டு பருப்பு அரித்தேன். இவர் திரும்பி வருகிற நேரம், கார் இன்னும் வாசலுக்கு வரவில்லை, பொயிலர் தானாக உறுமத் தொடங்கியது.

இவரிடம் சொன்னேன். போனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அது அப்பிடித்தான். என்ர போன் வெளியில போனால், வீட்டில ஒருத்தரும் இல்லையெண்டு அது நிப்பாட்டும். நல்ல விசயம்தானே?" என்றார்.

"நான் இருந்தனான்."

"அதுக்கு உன்னைத் தெரியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

நவம்பர் 25

இவர் நடக்கப் போகிற நேரம் நான் அடுப்படியில் நிற்கப் பழகிக்கொண்டேன். ஓவனை மூட்டி அதன் கதவைத் திறந்து வைத்தால் கால் சூடாக இருக்கும்.

டிசம்பர் 2

மொறீன் வந்தாள். இவர் சந்தைக்குப் போயிருந்தார். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள், பிறகு எடுத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டாள். தேநீர் ஆறுவதற்கு முன்பே எழும்பிவிட்டாள். வாசலில் நின்று, உங்கள் வீட்டில் ஹீற்றிங் வேலை செய்யவில்லையா என்று கேட்டாள். புதுசு, இப்போதுதான் பூட்டியது, நன்றாக வேலை செய்கிறது என்றேன். அவள் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

இவர் வந்ததும், "மூண்டரைக்கு ஆர் வந்தது? அசைவு கூடக் காட்டிச்சுது" என்று கேட்டார். அந்த வட்டம் அதையும் பார்க்கிறதாம்.

டிசம்பர் 9

என் விரல்கள் நாலும் பாதிவரை வெள்ளையாகிவிடுகின்றன. பச்சைத் தண்ணீரில் அரிசி கழுவினால் மெழுகுதிரி மாதிரி ஆகிவிடும், பிறகு நீலமாகி, அதன் பிறகுதான் உயிர் வரும். டொக்டரிடம் போனோம். இவரும் உள்ளே வந்தார். டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டதையெல்லாம் இவர் எனக்குத் தமிழில் சொன்னார், நான் சொன்னதை இங்கிலீசில் அவருக்குச் சொன்னார். அந்த டொக்டரோடு எட்டு வருடமாக நான் தனியேதான் கதைத்து வந்திருக்கிறேன். இன்றைக்கு ஏனோ அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வீடு சூடாக இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார்.

"ஸ்மார்ட் கொன்ட்ரோல் போட்டிருக்கிறம்" என்று இவர் பெருமையாகப் போனைக் காட்டினார். டொக்டர் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்குள்ளும் கையுறை போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். அதனால்தான் எழுத்து இப்படி.

டிசம்பர் 15

இன்று இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடையில் இவருடைய பழைய வேலையிடத்துப் பெடியன்கள் மூன்று பேரைக் கண்டோம். இவர் வலியப் போய், புதுக் கொட்டகையில் சாமான்களை எந்தப் பக்கத்தால் இறக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் ஒருவன் நடுவிலேயே போனை எடுத்துவிட்டான். மற்றவன், "எல்லாம் இப்ப கொம்பியூட்டர் அங்கிள், நாங்கள் ஒண்டும் முடிவெடுக்கிறேல்லை" என்றான். அங்கிள் என்றான். முந்தி சேர் என்பவன்.

இவர் வீட்டுக்கு வந்து எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். எந்தக் காலத்தில் நடந்தது இது! பிறகு போனில் ஏதோ அமத்தினார். பின்னேரம் முழுவதும் வீடு கொதித்தது. சேலைக்குள் வியர்த்துக் கொட்டியது. "காணும், கொஞ்சம் குறையுங்கோ" என்றேன்.

"இருக்கட்டும். இண்டைக்கு உனக்காகத்தான் கூட்டினனான்."

படுக்கப் போகும்வரை குறையவில்லை. இரண்டு பேரும் சன்னல்களைத் திறந்து வைத்தோம். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 30

யாழ்ப்பாணத்திலிருந்து போன். இவருடைய அண்ணருக்குச் சுகமில்லை, கடுமையாம். இவர் மூன்றாம் திகதி போகிறார். என் முழங்காலோடு அவ்வளவு தூரம் பிளேனில் என்னால் இருக்க முடியாது.

"அந்த நம்பரை எழுதி வைச்சிட்டுப் போங்கோ" என்றேன்.

"நான் அங்கயிருந்து பார்ப்பன். அதுக்குத்தானே இதைப் போட்டது. நீ ஒண்டுக்கும் கவலைப்படாத."

ஜனவரி 4

இவரும் போனும் வானத்தில். வீட்டில் ஒருவரும் இல்லை. வட்டம் 12 என்று காட்டுகிறது.

ஜனவரி 6

இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணருக்கு நினைவு வந்து வந்து போகிறதாம். சூடு இல்லை என்று சொன்னேன். "பொறு" என்றார். கொஞ்ச நேரத்தில் பொயிலர் எரிந்தது. நான் குளித்துவிட்டு வந்தேன், நின்றுவிட்டது. திரும்ப எடுத்தேன்.

"ரெண்டு மணித்தியாலம் போட்டனான். காணும்தானே?"

"அரை மணித்தியாலம்தான் எரிஞ்சது."

"உனக்கு நேரம் தெரியேல்லை. இஞ்ச கரண்டும் இல்லை, வெக்கையில சாகிறம். நீ குளிருதெண்டு சும்மா சும்மா எடுக்கிறாய்."

சும்மா சும்மா எடுக்கக்கூடாதுதான். அண்ணர் அங்கே கிடக்கிறார்.

ஜனவரி 8

பனி கொட்டியிருக்கிறது. கடைத் தெருவில் சின்னக் காற்று ஹீற்றர் ஒன்று வாங்கிவந்து படுக்கையறையில் கொளுவினேன். முதல் நாளே பிளக் கருகி மணந்தது. கழற்றிவிட்டேன்.

பகலில் நூலகத்துக்குப் போனேன். அங்கே ரேடியேற்றருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. என்னைப் போல இன்னும் மூன்று நாலு பேர் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பின்னேரம் இவர் எடுத்தார். "மத்தியானம் எங்க போனனீ? வீட்டில ஒரு அசைவும் காட்டேல்லை."

சொன்னேன்.

"நூலகத்தில உனக்கு என்ன வேலை?"

வாசிக்க என்றேன்.

ஜனவரி 10

அந்த வட்டத்தைச் செய்த கொம்பனியின் உதவி எண்ணைக் கண்டுபிடித்து எடுத்தேன். நல்ல குரல் உள்ள ஒரு பிள்ளை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, கணக்கு யாருடைய பெயரில் என்று கேட்டாள். இவருடைய பெயரைச் சொன்னேன். மிஸ்டர் ஞானச்சந்திரன் பக்கத்தில் இருக்கிறாரா என்றாள். இலங்கையில் என்றேன். அப்படியென்றால் பாதுகாப்புக்காகத் தன்னால் எதுவும் செய்ய முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள்.

"நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்" என்றேன்.

விளங்குகிறது என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள்.

ஜனவரி 12

எழுதத்தான் வேண்டும்.

பாஸ்கரனுக்குப் போன் செய்து, இந்த ஸ்மார்ட் சாமானைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரிக் குமிழ் ஒன்று போட்டுவிடச் சொன்னேன். என் சேமிப்பில் தருவதாகவும் சொன்னேன். காலையிலேயே வந்தார். பையில் குமிழ் இருந்தது, வெள்ளை நிறம், நான் தொட்டுப் பார்த்தேன். கோப்பி கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "வீடு சரியான குளிராக் கிடக்கே அக்கா" என்றார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார். பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "ஞானம் அண்ணையிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிட்டுச் செய்வம்" என்று போனை எடுத்தார்.

"வேண்டாம் தம்பி, நான்தானே சொல்றன்" என்றேன்.

"இல்லையக்கா, பிறகு பிரச்சினை வேண்டாம்."

கை நிறையச் சாமான் என்று போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். இவர் எடுத்தார். அங்கே கோழி கூவிக் கேட்டது. பாஸ்கரன் விசயத்தைச் சொன்னார். இவர் சிரித்தார்.

"தம்பி, அதைத் தொடவேண்டாம். அவவுக்கு இப்ப கொஞ்சம் மறதி. தான் நிப்பாட்டிப்போட்டு குளிருதெண்டு சொல்லுவா. நான் இஞ்சயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன். நீர் போம்."

பாஸ்கரன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரை நிறுத்தி, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று இரண்டு தரம் சொன்னார். குமிழை எடுத்துப் பைக்குள் வைத்தார். போகும்போது, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "அக்கா, கதவை, வடிவாப் பூட்டிக்கொண்டு இருங்கோ."

நான் எதை மறந்தேன்?

ஜனவரி 13

ஒன்றுமில்லை.

ஜனவரி 14

சாம்பவி எடுத்தாள். குரலைக் கேட்டதுமே தெரிந்தது.

"அம்மா, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஏன் பிள்ளை?"

"சும்மா கேட்டனான். சொல்லுங்கோவன்."

"பாண்."

"நிச்சயமாத் தெரியுமா?"

எனக்குக் குளிர்கிறது, அதுதான் விசயம், வேறு ஒன்றுமில்லை என்று சொன்னேன். வட்டத்தில் நாலு இலக்கப் பூட்டு இருப்பதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள், அந்த உதவி எண் பிள்ளையைப் போலவே. பிறகு, "அம்மா, அப்பா எனக்குப் படம் அனுப்பினவர். வீட்டில இருபது காட்டுது" என்றாள்.

போனை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குக் கிட்டப் போனேன். விழித்தது. 12. வீடியோவில் காட்டினேன். வெளிச்சம் பட்டுக் கண்ணாடியில் என் முகம்தான் அவளுக்குத் தெரிந்ததாம்.

"நான் ஈஸ்ரருக்கு வாறன் அம்மா. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள ஒரு கமெரா போடுவமா?"

ஜனவரி 17

மொறீன் வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று அவள் கதவைத் தட்டியபோது எழும்பிப் போய்த் திறக்க எனக்கு நேரமாகிவிட்டது. இருமல் நெஞ்சைப் பிடித்திருந்தது. கோட்டு, அதற்கு மேல் இவருடைய கோட்டு. அவள் உள்ளே வந்தாள், நடுக்கூடத்தில் நின்று தன் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் பல் தூரிகை எங்கே என்று மட்டும் கேட்டாள்.

இவளுடைய சின்ன அறையில் ஒரு ரேடியேற்றர், அதன் மேல் என் காலுறைகள் காய்கின்றன.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தேன்.

"மலர்! எங்க நிக்கிறாய்? நேற்றிலயிருந்து ஒரு அசைவும் இல்லை. நான் செத்துப்போனன். விழுந்து கிழுந்து கிடக்கிறியோ எண்டு..." குரல் உடைந்திருந்தது. உண்மையாகவே பயந்துவிட்டார்.

"மொறீன் வீட்டில."

"அங்க ஏன்?"

"குளிருது."

"வீட்டுக்குப் போ. நான் இப்பவே கூட்டிவிடுறன்."

"வேண்டாம்."

"ஆக்கள் என்ன கதைப்பினம்?"

நான் காலுறைகளைத் திருப்பிப் போட்டேன். இவர் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ தேவாரம் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரி 20

அண்ணர் போய்விட்டார். இவர் போனில் அழுதார். இத்தனை வருடத்தில் நான் கேட்ட இரண்டாவது அழுகை. மொறீன் வீட்டுப் படிக்கட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "நெருப்பு வைச்சது நான்தான் மலர்" என்றார். எட்டுச் செலவுச் சடங்கும் மற்ற அலுவல்களும் முடித்துவிட்டுத்தான் வருவாராம்.

சூடு பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.

பெப்ரவரி 7

இவர் வருகிற நாள். மொறீன் வேண்டாம் என்றாள். என்றாலும் இழவு வீட்டிலிருந்து வருகிற மனிதன், பூட்டிய வீட்டுக்குள் எப்படி வருவது? மத்தியானமே போய்ச் சோறு வைத்தேன், மரக்கறி இரண்டு வைத்தேன். வீட்டுக்குள் இரண்டு மணித்தியாலம் கோட்டோடு நின்று சமைத்தேன். வட்டத்துக்கு முன்னால் நாலைந்து தரம் நடந்துபோனேன். அது விழிக்கும், 12 என்று காட்டும், உறங்கும்.

வாடகைக் கார் வந்து நின்றது. இவர் பெட்டியை வாசலில் வைக்க முன்னமே பொயிலர் உறுமத் தொடங்கியது.

நன்றாக மெலிந்துவிட்டார். தலை மழித்திருந்தது. சாப்பிட்டார். நான் எதிரே இருந்தேன். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "நம்பரைச் சொல்லுங்கோ" என்றேன்.

"எந்த நம்பர்?"

"சுவரில கிடக்கிறதின்ர நம்பர்."

கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். போனை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், கழற்றினார்.

"இப்ப ஏன் அது? இப்ப சூடாத்தானே வருது."

"சொல்லுங்கோ."

மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத் தெரியாது."

நான் விளங்காமல் பார்த்தேன்.

"எனக்கு அது விளங்கேல்லை மலர். முதல் நாளே விளங்கேல்லை. பாஸ்கரன் கடகடவெண்டு சொல்லிப்போட்டுப் போட்டான். நான் எங்கயோ அமத்தினன், அது பூட்டிச்சுது. என்ன நம்பர் போட்டனெண்டு தெரியாது. வெளிக்கிட்டால் நிக்கிறதையும் எனக்கு மாத்தத் தெரியாது. அங்கயிருந்து நான் கூட்டிவிட்டாலும், அது தன்ரபாட்டில திரும்ப நிண்டிடும். நான் என்ன செய்ய?"

"அண்டைக்கு வீடு கொதிச்சது?"

"குறைக்கத் தெரியேல்லை."

"பிள்ளைக்கு அனுப்பின படம்?"

"அது நவம்பரில எடுத்தது."

ரேடியேற்றர்கள் டிக் டிக் என்று சூடேறும் சத்தம் கேட்டது. நாற்பது பேருக்கு மேலாளாக இருந்த மனிதன். ஒரு போன் எடுத்து பாஸ்கரனிடம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மகளிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மெழுகுதிரி வெளிச்சத்தில் படிப்பது மாதிரியாவது படித்திருப்போம்.

"தெரியாதெண்டு சொல்ல ஏலாமல் எனக்கு மறதி எண்டு சொன்னீங்கள்."

நான் என் போனில் சாம்பவியை எடுத்தேன். மெல்பேர்னில் விடியற்காலை, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். போனை இவரிடம் நீட்டினேன். "சொல்லுங்கோ" என்றேன்.

வாங்கினார். மகளின் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா? என்னப்பா?"

"ஒண்டுமில்லை பிள்ளை. நான் வந்து சேர்ந்திட்டன். அம்மா நல்லாச் சமைச்சு வைச்சவ. வீடு நல்ல சூடு."

போனைத் திருப்பித் தந்தார். சாம்பவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பா வந்துவிட்ட நிம்மதி அவளுக்கு.

கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு மொறீன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பெப்ரவரி 11

பாஸ்கரனுக்கு நானே போன் செய்தேன். அண்ணை நிற்கிறாரா என்று கேட்டார். நிற்கிறார் என்றேன். அப்படியென்றால் வருகிறேன் என்றார்.

நான் போனபோது வேலை தொடங்கவில்லை. பாஸ்கரன் வட்டத்துக்கு முன்னால் நின்று இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நிலத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் ஸ்குரூ டிரைவர் வெளியே வந்தது.

"அக்காவுக்கு லேசா இருக்கட்டும் எண்டு அண்ணை யோசிக்கிறார், என்ன?" என்றார் பாஸ்கரன்.

"ஓம்" என்றார் இவர்.

வெள்ளைக் குமிழ். திருகிப் பார்த்தேன். பொயிலர் எரிந்தது. எல்லாம் பத்து நிமிட வேலை.

பெப்ரவரி 13

வீட்டுக்கு வந்துவிட்டேன். மொறீனின் மகன் குடும்பத்தோடு வருகிறான், அந்த அறை அவர்களுக்கு வேண்டும். அவள் போகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

பெப்ரவரி 17

கோயிலுக்குப் போனேன். பாஸ்கரனின் மனைவி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, "என்னைத் தெரியுதோ அக்கா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன், பெயரையும் சொன்னேன். "பாத்தீங்களே, நல்லாத்தான் இருக்கிறா" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னாள். பிரசாதத்தை என் பைக்குள் அவளே வைத்துவிட்டு, வைத்த இடத்தைக் காட்டினாள்.

இவர் பக்கத்தில்தான் நின்றார். கேட்டுக்கொண்டு நின்றார்.

பெப்ரவரி 20

மறதிக்குச் சோதனை செய்ய ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருக்கிறார்கள். சாம்பவி அங்கிருந்தே டொக்டருக்கு எழுதி ஏற்பாடு செய்தாளாம். மாட்டேன் என்று சொன்னால் அதுவும் ஒரு அறிகுறி என்கிறாள். போய்ச் செய்துவிட்டு வரலாம். ஆனால், எனக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் சொன்னால் அதை யார் யாருக்குச் சொல்வது?

பெப்ரவரி 26

திரும்பவும் பனி. இவர் முன்னறையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். அந்த ஆப் இன்னும் போனில் இருக்கிறது. சில வேளை திறந்து பார்ப்பார். இணைப்பு இல்லை என்று காட்டும். சுவரில் குமிழ் பூட்டிய நாளிலிருந்து இவர் அந்தக் குமிழைத் தொட்டதில்லை. நடைபாதையால் போகும்போது சுவரின் மற்றப் பக்கத்தால் போகிறார்.

பின்னேரம் குசினியில் நின்றேன். முன்னறையிலிருந்து கூப்பிட்டார்.

"மலர், கொஞ்சம் கூட்டிவிடுறியே? கால் விறைக்குது."

கேட்டது. இவர் இத்தனை மெதுவாக என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் கழுவிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கோப்பை. கழுவினேன். துடைத்தேன். அதன் கைபிடிக்கு உள்ளேயும் துடைத்தேன்.

"மலர்?"

"வாறன்" என்றேன். கோப்பையைத் திரும்பவும் தண்ணீரில் பிடித்தேன்.